வார இறுதிக் கார்: பழைய எம்.ஜி.பி.யா, புதிய எம்எக்ஸ்-5ஆ?

பிரிட்டனில் வார இறுதிக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விளம்பரங்களில் தொடங்குகிறார்கள். தொடங்கவேண்டிய இடம் சொந்த வீட்டு வாசல். வாங்கப்போகும் வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? பூட்டுப்போட்ட, ஈரம் ஏறாத கேரேஜா, வீட்டு முன்னால் திறந்த இடமா, தெருவோரமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். கூரை இல்லாதவர் ஐம்பது வயதுக் காரை வாங்கக் கூடாது. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ பெர்மிட் போட்டுத் தெருவில் நிறுத்துகிறவருக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மிச்சம் பிடித்த பணத்தைத் துரு தின்றுவிடும்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு வண்டிகளை மட்டும் எதிரெதிரே வைக்கிறேன். பழசுக்கு எம்.ஜி.பி., புதுசுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜாகுவார் ஈ-டைப், போர்ஷே 911 போன்றவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவற்றை வாங்குகிறவருக்குப் பணம் ஒரு பொருட்டில்லை, அல்லது அவர் முதலீட்டுக்காக வாங்குகிறார். குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள், சனிக்கிழமை காலையில் கூரையைத் திறந்துபோட்டு மலைப்பக்கம் போய்வரவேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த இரண்டும்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எம்.ஜி.பி. 1962இல் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே அபிங்டன் ஊரில் 1980 அக்டோபர் வரை அதைக் கட்டினார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டியதால் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. தண்ணீர்ப் பம்பு, கிளட்ச், பிரேக் சிலிண்டர் எல்லாம் தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாக அடித்துத் தருகிறது. வேறு எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இவ்வளவு பெரிய ஆதரவு கிடைப்பது அரிது. பழைய கார்களில் இதை நான் முன்னால் வைப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

நம் ஊரில் அம்பாசடரைப் பழுதுபார்த்துப் பழகியவர்களுக்கு இதன் பானெட்டைத் திறந்தால் அந்நியமாகத் தோன்றாது. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. அதே வார்ப்பிரும்பு பிளாக், அதே புஷ்ராட் அமைப்பு. டேப்பட் இடைவெளி பிடிக்கவும் பாயின்ட் சுத்தம் செய்யவும் தெரிந்த கை இங்கேயும் அப்படியே வேலை செய்யும். கூடுதலாகக் கற்றுக்கொள்ளவேண்டியது, பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் ஒரே அளவில் மூச்சுவிட வைப்பது.

எம்எக்ஸ்-5 பிறந்த கதை எம்.ஜி.பி.யின் மறைவோடு சேர்ந்தது. எளிய, விலை குறைந்த பிரிட்டிஷ் திறந்த கார்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய்க்கொண்டிருந்தன. அப்படி ஒன்றை நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமாமோட்டோவிடம் கேட்டவர் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். பிறகு அவரே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளியானது. முன்னால் இன்ஜின், பின்சக்கரத்துக்குச் சக்தி, இரண்டே இருக்கை, துணிக்கூரை என்று எல்லாம் எம்.ஜி.பி. பாதைதான். 2015இல் வந்த நான்காம் தலைமுறைகூட ஏறத்தாழ ஒரு டன் எடைக்குள்ளேயே நிற்கிறது. எம்.ஜி.பி.யும் அந்த எடைதான். எனவே இந்த ஒப்பீடு நியாயமானது.

ஓட்டும்போது

எண்களைப் பார்த்தால் போட்டியே இல்லை. எம்.ஜி.பி. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடச் சுமார் 12 விநாடி ஆகும். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் 1.5 லிட்டர் இன்ஜின் எட்டு விநாடி சொச்சத்தில் தொடும். 184 குதிரைத்திறன் உள்ள 2 லிட்டர் இன்ஜின் ஆறரை விநாடியில் தொடும். ஆனால் பிரிட்டனில் நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் பொது வேக வரம்பே 60 மைல்தான். யார்க்‌ஷர் டேல்ஸில் ஹாஸ் ஊரிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.பி.யில் 40 மைலிலேயே உங்கள் இரு கையும் இரு காலும் வேலையில் இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே பிரேக் பிடித்து, கியர் இறக்கி, பவர் உதவி இல்லாத ஸ்டியரிங்கைத் தோளால் திருப்பவேண்டும். சரியாகச் செய்த வளைவு ஒவ்வொன்றும் மனதில் நிற்கும். அதே வளைவை எம்எக்ஸ்-5 அதைவிட வேகமாக, சிரமமே இல்லாமல் கடந்துவிடும். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டுகிற சுகத்தை அதிகம் தருவது பழைய வண்டி என்பதை நான் முழுமனதோடு சொல்வேன். எம்எக்ஸ்-5 வாங்கினாலும் 1.5 லிட்டரைப் பரிந்துரைப்பதற்கு இதே காரணம்: 7,000 சுற்றுவரை விரட்டி ஓட்டினாலும் லைசென்ஸ் பத்திரமாக இருக்கும்.

மோட்டார்வே கதை வேறு. ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி. 70 மைலில் போகும்போது இன்ஜின் கிட்டத்தட்ட 3,900 சுற்று சுற்றும். ஒரு மணி நேரம் அதில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஓவர்டிரைவ் இருந்தால் 3,200க்கு இறங்கிவிடும். எனவே எம்.ஜி.பி. வாங்குகிறவர் ஓவர்டிரைவ் உள்ளதைத்தான் தேடவேண்டும். அது வேலை செய்கிறதா என்று நான்காம் கியரில் போட்டுப் பார்க்கவேண்டும். லண்டனில் இருந்து வேல்ஸ் மலைகளுக்குப் போய் ஒரு நாள் சுற்றிவிட்டு அன்றைக்கே திரும்பும் திட்டம் அடிக்கடி உண்டென்றால், எம்.ஜி.பி.யை மறந்துவிடலாம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் கென்ட், சர்ரி கிராமச் சாலைகளை எட்டுகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை.

மழையையும் கணக்கில் வையுங்கள். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் துணிக்கூரையை இருக்கையில் இருந்தபடியே ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம். சிக்னல் சிவப்பு மாறுவதற்குள் முடிந்துவிடும். எம்.ஜி.பி.யில் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சட்டத்தை விரித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்லவேண்டும். எம்.ஜி.பி.யில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக். முன்னால் போகும் புதிய கார் திடீரென்று நிற்கிற தூரத்தில் அது நிற்காது. பதினேழு வயதுப் பிள்ளை ஓட்டக் கேட்டால் கொடுக்காதீர்கள். மனைவியோ கணவரோ அந்த வண்டியில் ஏறத் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள். வார இறுதிக் கார் இருவருக்குமான கார்.

வரி, புகைக் கட்டணம், சோதனை

பழைய கார் என்றால் செலவு கூடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சட்டம் இங்கே நேரெதிராக இருக்கிறது. பிரிட்டனில் 40 வயது கடந்த வண்டிக்கு வாகன வரி கிடையாது. பெரிய மாற்றங்கள் செய்யாதிருந்தால் 2018 மே முதல் வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. கடைசி எம்.ஜி.பி. 1980இல் வந்ததால் எல்லா எம்.ஜி.பி.யும் இந்தக் கணக்கில் வந்துவிடும். இந்தச் சலுகை தானாக வராது. உரிமைப் பதிவில் வண்டியை வரலாற்று வாகன வகைக்கு மாற்றிக்கொண்டிருக்கவேண்டும். வாங்கும்போது அதைப் பாருங்கள்.

லண்டன்வாசிகளுக்கு முக்கியமானது யூலெஸ் புகைக் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பரோக்களிலும் அது அமலில் இருக்கிறது. விதிக்கு உட்படாத வண்டியை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. வரலாற்று வாகனத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. (மையப் பகுதியின் நெரிசல் கட்டணத்துக்கு அந்த விலக்கு இல்லை.) புதிய எம்எக்ஸ்-5களுக்கும் பிரச்சினை இல்லை, பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்தில் இருந்தால் போதும், 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் அது உண்டு.

மாட்டிக்கொள்வது இடைப்பட்ட வயது வண்டி. முகப்பு விளக்குகள் எழும்பி நிற்கும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 மேல் பலருக்கும் மயக்கம். எனக்கும் அதைவிட அழகான எம்எக்ஸ்-5 கிடையாது. ஆனால் அந்த வண்டி யூரோ 4க்கு மிகவும் முந்தியது. லண்டனுக்குள் வருடத்தில் 30 வார இறுதிகள், சனி ஞாயிறு இரண்டு நாளும் எடுத்தால் கட்டணம் மட்டும் 750 பவுண்டு ஆகிறது. 2001 மார்ச்சுக்கு முந்திய கார்களுக்கு இன்ஜின் அளவை வைத்து வரி. 1549 சிசிக்கு மேல் போனால் கூடுதல் வரி, 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 அதில் சிக்குகிறது. 40 வயதுச் சலுகை முதல் ஆண்டு வண்டிகளுக்கே 2030 ஏப்ரலில்தான் வரும். துருவோ எம்.ஜி.பி. அளவுக்கு ஏறிவிட்டது. பழசின் சலுகையும் இல்லை, புதுசின் நிம்மதியும் இல்லை. லண்டனுக்கு வெளியே வசித்து, அந்த வண்டியை அதற்காகவே நேசிக்கிறவர் தவிர மற்றவர்கள் விலகி நிற்பது நல்லது. விளிம்பில் இருக்கும் சில ஆண்டு வண்டிகள் விதிக்கு உட்பட்டவையாக இருக்கக்கூடும். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்பதற்காக அதைக் கைவிடாதீர்கள். எம்.ஜி.பி.யை வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் பழகிய அந்நியக் கண் ஒன்று பார்ப்பது நல்லது. விற்பவர் கடந்த பத்தாண்டுகளாகச் சோதனைக்கே போகவில்லை என்றால், விலை பேசுவதற்கு முன் சோதனை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

துருவைத் தேடுவது

இன்ஜின் கெட்டால் மாற்றலாம், கியர்பாக்ஸ் கெட்டால் மாற்றலாம். தகரம் கெட்டால் பர்ஸ் காலி. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் பகுதிதான் திறந்த காரின் முதுகெலும்பு. வெளியே தெரிகிற தகடு பளபளப்பாக இருக்கும், உள்ளே இருக்கிற அடுக்குகள் பொடியாகியிருக்கும். பழைய சில் மேல் புதுத் தகட்டை ஒட்டி பெயின்ட் அடித்து விற்ற வண்டிகள் ஏராளம். கண்டுபிடிக்க வழிகள் உண்டு. துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். சில் முழுவதும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே அகலம் இருக்கவேண்டும். பிறகு பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது அந்த இடுக்கை மறுபடி கவனியுங்கள். குறுகினாலோ கதவு இடித்தாலோ வண்டி நடுவில் மடிகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அங்கே நிற்கவேண்டாம்.

அடியில் படுத்துப் பார்க்கும்போது சில்லோடு சேர்ந்து ஓடும் காசில் ரெயில் என்ற பெட்டித் தகட்டையும், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும் விரலால் தட்டுங்கள். முன் மட்கார்டின் பின்மூலை, கண்ணாடிச் சட்டத்தின் அடி ஆகியவை அடுத்து அழுகும் இடங்கள். கம்பிச் சக்கரம் என்றால் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்தைக் கவ்வும் பல்வரிசை தேய்ந்துவிட்டது. இன்ஜின் சூடேறியபின் ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் காட்டவேண்டும். இதெல்லாம் சில்லைப் பார்த்து முடித்தபிறகு போதும். புதிய ஹெரிடேஜ் பாடியில் கட்டிய, படங்களும் பில்களும் உள்ள வண்டி கிடைத்தால், இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். அந்தப் பணம் வீணில்லை.

குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா என்று கேட்பார்கள். அமெரிக்க விதிகளுக்காக 1974 பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் சாய்வு அதிகமானது. குறுக்குச் சாய்வைத் தடுக்கும் முன் கம்பியைக்கூட எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில் அதைத் திருப்பிப் போட்டார்கள். ரசிகர்கள் ஒதுக்குவதால் அந்தக் கடைசி நான்கு ஆண்டு வண்டிகள் மலிவு. பார்வைக்கு இல்லாமல் ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு அதுவே நல்ல பேரம்.

எம்எக்ஸ்-5இல் துரு ஒளியும் இடம் கூரைக்குப் பின்னால். துணிக்கூரையில் விழும் மழை இரண்டு மூலைகளிலும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே இறங்கவேண்டும். இலைச்சருகு அடைத்துவிட்டால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் தகடு உள்ளிருந்தே அழுகும். விற்பவரிடம் சொல்லிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். பின்சக்கரத்தின் முன்னால் அது வெளியே வழியவேண்டும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் முன் சட்டத் தண்டுகளும் அரிக்கும். பிளாஸ்டிக் மூடி மறைத்துக்கொண்டிருப்பதால் அதைக் கழற்றாமல் தெரியாது. எம்எக்ஸ்-5 வாங்குகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எந்த வண்டியின் எம்.ஓ.டி. வரலாற்றையும் அரசுத் தளத்தில் பதிவு எண்ணை வைத்து இலவசமாகப் படிக்கலாம். துரு பற்றிய எச்சரிக்கை ஒரு வருடம் வந்து மறுவருடம் காணாமல் போயிருந்தால், அதைச் சரிசெய்த பில்லைக் கேளுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு சோதனை டயர். வார இறுதி வண்டியில் டயர் தேயாது, வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1214 என்றால் 2014ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். பத்தாண்டு தாண்டிய டயரில் கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

வைத்துப் பராமரிப்பது

எம்.ஜி.பி.க்கு 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றவேண்டும். முன் சஸ்பென்ஷனில் உள்ள நிப்பிள்களுக்கு கிரீஸ் அடிக்கவேண்டும். இதைக் காசு கொடுத்துப் பிறரிடம் செய்யச் சொல்லி வைத்திருப்பதில் பொருளில்லை. சனிக்கிழமை மதியம் தானே செய்வதுதான் இந்த வண்டியின் பாதி இன்பம். கையில் கறை படுவது பிடிக்காதவர் அதை ஒப்புக்கொண்டு மாஸ்டா வாங்கட்டும். அதற்கு வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதும்.

பெட்ரோல் விஷயத்தில் கவனம் தேவை. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10. அதாவது பத்து சதவீதம்வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துக் கசிய வைக்கும். எம்.ஜி.பி.க்கு இ5 உள்ள சூப்பர் பெட்ரோலையே போடுங்கள். குழாய்களையும் புதுவகை ரப்பரில் மாற்றிவிடுங்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட்டுகள் போட்டாகிவிட்டதா என்றும் கேளுங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5களுக்கு இ10 ஒத்துக்கொள்ளும்.

குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடத் தொடங்கியதும் எம்.ஜி.பி. உள்ளே போய்விடவேண்டும். பேட்டரிக்குச் சிறு சார்ஜர் மாட்டுங்கள், டயர்க் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். எம்எக்ஸ்-5ஐ வருடம் முழுதும் ஓட்டலாம், ஆனால் உப்புச் சாலையில் போய்வந்தால் அடிப்பக்கத்தைக் கழுவவேண்டும்.

இன்ஷூரன்ஸ் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மலிவாகவே அமையும். ஆனால் வருட மைல் வரம்பு, இரவில் கேரேஜ், அன்றாடத்துக்கு இன்னொரு கார் என்று நிபந்தனைகள் வரும். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்தில் கிடைக்கும் தொகை நீங்கள் செலவழித்ததற்குப் பக்கத்திலேயே வராது.

என் தீர்ப்பு இது. காய்ந்த கேரேஜ், ஸ்பேனர் பிடிக்க ஆசை, பக்கத்திலேயே நல்ல கிராமச் சாலைகள் ஆகிய மூன்றும் உள்ளவர் ஓவர்டிரைவ் வைத்த, சில் உறுதியான எம்.ஜி.பி.யை வாங்கட்டும், அவருக்கு வேறெதுவும் அந்த நிறைவைத் தராது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 1.5 லிட்டர், பணம் போதாதென்றால் சர்வீஸ் பில்கள் முழுதாக உள்ள மூன்றாம் தலைமுறை. எதை வாங்கினாலும் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.